விருந்துக்குத் தித்திப்பும் உப்புமாய் பேக்டு பீன்ஸ்: முழுமையான வழிகாட்டி

பேக்டு பீன்ஸ், அதாவது காய்ந்த வெள்ளை பீன்ஸை வேகவைத்து இனிப்பும் புளிப்புமான சாஸில் ஓவனில் வைத்து எடுப்பது, கஷ்டமான சைட் டிஷ் கிடையாது. ஆனால் வரிசை மாறினால் கெட்டுவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் சாஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள்: சர்க்கரை எவ்வளவு, மஸ்டர்ட் எது என்று. சிக்கல் வருவதோ அதற்கு முந்தைய கட்டத்தில். அரைவேக்காட்டுப் பீன்ஸில் சாஸை ஊற்றி, "மீதி ஓவனில் வெந்துவிடும்" என்று உள்ளே தள்ளிவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தாலும் பல்லில் நறநறக்கும். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த சாஸுக்குள் போன பிறகு பீன்ஸ் மேற்கொண்டு வேகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அதை வைத்துத்தான்.

1. முதலில் ஆள் கணக்கு, நேரக் கணக்கு

இங்கே பீன்ஸ் என்பது காய்ந்த வெள்ளை விதை, பச்சைக் காய் இல்லை. அரை கிலோ காய்ந்த பீன்ஸ் வெந்தால் ஏறக்குறைய 1.1 முதல் 1.2 கிலோ வரை வரும். சாஸும் வெங்காயமும் சேர்ந்தால் மொத்தம் இரண்டு லிட்டர் பக்கம். ஆளுக்கு அரை கப் என்றால் 12 முதல் 15 பேருக்குப் போதும். மேஜையில் வேறு நாலைந்து பதார்த்தங்கள் இருந்தால் அரை கப்புக்கு மேல் யாரும் எடுப்பதில்லை. கனமான உணவு, இனிப்பும் உண்டு.

நேரத்தைப் பரிமாறும் வேளையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஊற 8 முதல் 12 மணி நேரம். வேக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். சாஸுக்கு 25 நிமிடம், அதைப் பீன்ஸ் வேகும்போதே செய்துவிடலாம். ஓவனில் இரண்டு மணி நேரம். வெளியே எடுத்து ஆற 20 நிமிடம். மதியம் ஒரு மணிக்குப் பந்தி என்றால் காலை எட்டு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தாக வேண்டும். இவ்வளவு இழுபறி வேண்டாம் என்றால் முதல் நாளே முடித்துவிடுங்கள். மறுநாள் சூடாக்கினால் ருசி கூடுமே தவிரக் குறையாது.

2. எடுத்து வைக்க வேண்டியவை

12 முதல் 15 பேருக்கான அளவு:

- காய்ந்த வெள்ளை பீன்ஸ் (நேவி பீன்ஸ் எனப்படும் சின்ன ரகம்) – 500 கிராம்
- பெரிய வெங்காயம் – 2
- பூண்டு – 4 பல்
- எண்ணெய் அல்லது வெண்ணெய் – 2 டேபிள்ஸ்பூன் (அசைவம் என்றால் இதற்குப் பதில் பேக்கன் எனப்படும் உப்பிட்ட பன்றி இறைச்சி 150 கிராம்)
- தக்காளி பேஸ்ட் – 2 டேபிள்ஸ்பூன்
- தக்காளி கெட்சப் – முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக (150 மில்லி)
- பழுப்புச் சர்க்கரை – 80 கிராம்
- மொலாசஸ் (சர்க்கரை எடுக்கும்போது மிஞ்சும் கரும்பாகு) – 4 டேபிள்ஸ்பூன்
- மஸ்டர்ட் சாஸ் (கடுகு விழுது) – ஒன்றரை டேபிள்ஸ்பூன்
- வினிகர் – 3 டேபிள்ஸ்பூன் (இரண்டு இப்போது, ஒன்று கடைசியில்)
- சோயா சாஸ் – 1 டேபிள்ஸ்பூன்
- புகை வாசனை உள்ள பாப்ரிகா தூள் – 2 டீஸ்பூன்
- மிளகுத் தூள் – 1 டீஸ்பூன், உப்பு

பீன்ஸில் சின்ன ரகத்தையே தேடுங்கள். பெரியது தோல் கழன்று தனியாக மிதக்கும். பழைய சரக்கு வேண்டாம். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த பீன்ஸ் எவ்வளவு கொதித்தாலும் முழுதாக மெத்தென்று ஆகாது, அதிலும் வெயில் படும் இடத்தில் இருந்தது என்றால் கேட்கவே வேண்டாம். புதுசையும் பழசையும் ஒரே பானையில் கலக்கவும் கூடாது. பாதி குழைந்து பாதி கல்லாக நிற்கும்.

மொலாசஸில் 'பிளாக்ஸ்ட்ராப்' என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள், கசப்பு தூக்கும். மொலாசஸே கிடைக்கவில்லையா, அடர்நிறப் பழுப்புச் சர்க்கரையை 50 கிராம் கூடப் போட்டுச் சமாளிக்கலாம். அந்த நிறமும் மணமும் அதில் கலந்திருக்கும் மொலாசஸால் வருவதுதான்.

பாத்திரம்: 33 × 23 செ.மீ. அளவுள்ள, ஆழம் குறைந்த கண்ணாடி அல்லது பீங்கான் பேக்கிங் டிரே. ஆழமான பானையில் வைத்தால் மேல்பரப்பு சின்னதாகி நீர் வற்றாது, கடைசியில் சூப் மாதிரி வரும்.

3. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தல்

பீன்ஸைப் பொறுக்கிக் கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் 4 டீஸ்பூன் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பது நேர்மாறு. தோலை இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது கால்சியமும் மக்னீசியமும். உப்பில் உள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது, தோல் இளகுகிறது. அப்படி ஊறிய பீன்ஸ் வேகும்போது வெடிப்பதும் குறைவு.

வெயில் காலம் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் இரவு முழுக்கக் கிடந்தால் நுரைத்துப் புளித்த வாடை வரும். 12 மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதிலும் லாபம் இல்லை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசுங்கள். வயிற்றில் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைப் பொருட்களில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். முழுக்கப் போகாது, அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்.

இரவு ஊற வைக்க மறந்துபோனால், பீன்ஸை நிறைய தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்து, மூடி ஒரு மணி நேரம் வையுங்கள். உப்பில் ஊறியது போல் சீராக வராது, ஆனால் வேலைக்கு ஆகும்.

4. முழுதாக வேகவைத்தல்

அவசரப்படக்கூடாத கட்டம் இது ஒன்றுதான்.

புதுத் தண்ணீர் ஊற்றுங்கள், பீன்ஸுக்கு மேல் நாலைந்து செ.மீ. நிற்கட்டும். ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு பிரிஞ்சி இலை. முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். இந்தக் குடும்பத்துப் பீன்ஸில் இயற்கையாகவே லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம் இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். சிவப்புக் கிட்னி பீன்ஸில் அது மிக அதிகம், வெள்ளையில் குறைவு, இல்லாமல் இல்லை. மிதமான சூட்டில் அது அழியாது, கொதி வந்தால்தான் அழியும். ஊறிய பீன்ஸை அப்படியே ஸ்லோ குக்கரில் போட்டு இரவெல்லாம் விடுவது ஆபத்து என்பது இதனால்தான்.

அப்புறம் தீயைக் குறைத்து, லேசாகக் குமிழ் வரும் அளவில் 45 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை. நடுவில் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள், தோல் கிழியும். தண்ணீர் வற்றினால் வெந்நீர் சேருங்கள்.

பிரஷர் குக்கர் என்றால் பாதிக்கு மேல் நிரப்பாமல், நுரை பொங்காதிருக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, பிரஷர் ஏறியதும் தீயைக் குறைத்து 7, 8 நிமிடம். அணைத்தபின் ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டினால் உள்ளே ஒரேயடியாகக் கொதித்துப் பீன்ஸெல்லாம் வெடித்திருக்கும்.

வெந்ததா என்று பார்ப்பது எப்படி? கரண்டியில் நாலைந்து பீன்ஸை அள்ளி, வாயால் ஊதுங்கள். தோல் சட்டென்று சுருண்டு பிரிந்தால் வெளிப்பக்கம் வெந்துவிட்டது. உள்ளேயும் வெந்ததா என்பதற்கு, ஒன்றை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். பல் படாமல் வெண்ணெயாக நசுங்க வேண்டும். நடுவில் மாவு மாதிரி ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். ஒரு பீன்ஸை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பானையின் வேறு வேறு இடத்திலிருந்து ஐந்து எடுங்கள். ஐந்தில் ஒன்று கடினமாக இருந்தாலும் வேகவில்லை என்றே அர்த்தம்.

முழுதாக வேக வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. பீன்ஸை இளக விடாமல் பிடித்து வைக்கிற மூன்றுமே சாஸில் இருக்கின்றன: தக்காளியிலும் வினிகரிலும் புளிப்பு, மொலாசஸில் கால்சியம், கூடவே சர்க்கரை. முழுதாக வெந்த பீன்ஸுக்கு இது நல்லது, இரண்டு மணி நேரம் ஓவனில் இருந்தும் குழையாமல் உருண்டையாக நிற்கும். அரைவேக்காட்டுப் பீன்ஸையோ இதே சாஸ் அப்படியே உறைய வைத்துவிடும்.

உங்கள் தண்ணீர் கால்சியமும் மக்னீசியமும் அதிகமுள்ள கடின நீர் என்றால் வேகவைக்கும்போது கால் டீஸ்பூன் சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பீன்ஸும் கூழாகும்.

வடிக்கும்போது கீழே ஒரு பாத்திரம் வைக்க மறக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்தும் உப்பும் இறங்கியிருக்கிறது, சாஸுக்கு அதுதான் வேண்டும். முக்கால் லிட்டர் எடுத்து வையுங்கள். சோடா போட்டிருந்தால் மட்டும் பாதி இதுவும் பாதி வெறும் தண்ணீருமாகக் கலந்துகொள்ளுங்கள்.

டின் பீன்ஸ் பயன்படுத்தினால் இந்தப் படியும் முந்தைய படியும் வேண்டாம். 400 கிராம் டின் ஐந்து எடுத்து, வடித்து, அலசிக்கொள்ளுங்கள். தக்காளி சாஸில் ஏற்கெனவே ஊறிய டின் என்றால் அலச வேண்டாம், ஆனால் கெட்சப்பையும் சர்க்கரையையும் பாதியாகக் குறையுங்கள்.

5. சாஸ்

அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு (பேக்கன் என்றால் அதைச் சின்னத் துண்டாக்கி முதலில் போட்டு, கொழுப்பு இறங்கி ஓரம் சிவக்கும் வரை), பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிதானமாக வதக்குங்கள். கண்ணாடிப் பதத்தில் நிறுத்தாமல் பொன்னிறம் வரை போக வேண்டும். நறுக்கென்ற வெங்காயம் புளிப்புச் சாஸில் அப்படியே நறுக்கென்றுதான் இருக்கும். பீன்ஸுக்குச் சொன்ன அதே கதை.

பூண்டு அரை நிமிடம். தக்காளி பேஸ்ட்டைப் போட்டு நிறம் கருஞ்சிவப்பாகும் வரை இரண்டு நிமிடம் பிரட்டுங்கள், பச்சை வாடை போகட்டும். அடுப்பைச் சிறிதாக்கி பாப்ரிகா, மிளகுத் தூள். தூள் கருகினால் மொத்தமும் கசக்கும் என்பதால், பத்து விநாடியில் அரை லிட்டர் பீன்ஸ் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பிறகு கெட்சப், சர்க்கரை, மொலாசஸ், மஸ்டர்ட், சோயா சாஸ், இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர். ஐந்து நிமிடம் கொதித்தால் போதும்.

இப்போது ருசி பாருங்கள். இனிப்பும் புளிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம், பீன்ஸ் அதை இழுத்துக்கொள்ளும். உப்பு மட்டும் ஒரு படி குறைவாகவே இருக்கட்டும். ஓவனில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். தவிர பீன்ஸிலும் பீன்ஸ் தண்ணீரிலும் சோயா சாஸிலும் கெட்சப்பிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. நான் இந்தக் கட்டத்தில் தனியாக உப்புப் போடுவதே இல்லை.

சர்க்கரையைக் கூட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். இந்த உணவு இனிப்புப் பலகாரம் ஆகிவிட்டால் இரண்டாவது கரண்டி யாரும் கேட்க மாட்டார்கள்.

6. டிரேயில் கலப்பது

ஓவனை 160 டிகிரி செல்சியஸில் வையுங்கள் (விசிறி உள்ளது என்றால் 145). டிரேயில் லேசாக எண்ணெய் தடவி, பீன்ஸைப் பரப்பி, சூடான சாஸை ஊற்றி, கரண்டியின் பின்புறத்தால் மெல்லக் கலந்துவிடுங்கள். சாஸ் பீன்ஸை மூடியும் மூடாமலும் நிற்க வேண்டும். மேலே பீன்ஸ் தலை நீட்டிக்கொண்டிருந்தால் பீன்ஸ் தண்ணீர் கொஞ்சம் சேருங்கள், இல்லாவிட்டால் அந்த மேல்வரிசை காய்ந்து கறுத்து உமி மாதிரி ஆகும். பார்க்கத் தண்ணீராகத்தான் தெரியும், கவலை வேண்டாம். விளிம்புக்குக் கீழே இரண்டு செ.மீ. காலியாக விடுங்கள். சர்க்கரைச் சாஸ் ஓவன் அடியில் வழிந்து கருகினால் புகை வீடு முழுக்க வரும். டிரேக்குக் கீழே இன்னொரு தட்டு வைத்தால் நிம்மதி.

7. ஓவனில்: பாதி நேரம் மூடி, பாதி நேரம் திறந்து

முதல் ஒரு மணி நேரம் ஃபாயிலால் மூடி. சாஸ் பீன்ஸுக்குள் இறங்குவதற்கான நேரம் இது. ஃபாயில் சாஸைத் தொடக் கூடாது, தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். இடையே ஒரு பேக்கிங் காகிதம் போட்டால் போதும்.

பிறகு ஃபாயிலை எடுத்து, ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டி உள்ளே தள்ளி, ஒரே ஒரு தடவை கலந்துவிட்டு, திறந்தபடி 45 முதல் 60 நிமிடம். இதற்கப்புறம் கிளறாதீர்கள். மேலே மெல்லிய பளபளப்பான ஏடு படிகிறதே, விருந்தாளிகள் முதலில் தோண்டுவது அதைத்தான்.

எப்போது எடுப்பது என்பதை மணியை விடக் குமிழைப் பார்த்துச் சொல்லலாம். ஆரம்பத்தில் ஓரமாக மட்டும் சின்னச் சின்னக் குமிழ்கள் வேகமாக வரும். சாஸ் இறுக இறுகக் குமிழ் பெரிதாகி, நடுவிலும் சோம்பலாக எழும்பி மெல்ல உடையும். டிரேயின் உட்சுவரில் சாஸ் இறங்கிய இடத்தில் கரும்பழுப்பு வளையம் தெரியும். அப்போது டிரேயைச் சற்றுச் சாய்த்தால் சாஸ் நகர வேண்டும், ஓடக் கூடாது. நீங்கள் விரும்பும் கெட்டியை விட ஒரு படி தளர்வாக இருக்கும்போதே எடுங்கள். மாவுச்சத்து ஆறும்போது இன்னும் இறுகும்.

20 நிமிடம் ஆறட்டும். மீதி வினிகரை இப்போது மேலே தெளித்து ருசி பாருங்கள், உப்பு வேண்டுமானால் இப்போது. ஓவனில் மழுங்கிய புளிப்பை இந்த ஒரு ஸ்பூன் மீட்டுவிடும்.

ஓவன் இல்லையென்றால் அடிகனமான பாத்திரத்தில், மிகச் சிறிய தீயில் முக்கால் மணி நேரம், அடிபிடிக்காமல் அவ்வப்போது தள்ளிவிட்டுக்கொண்டு செய்யலாம். மேல் ஏடு கிடைக்காது, மற்றபடி ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை.

8. முதல் நாளே செய்து வைத்தல், எடுத்துப் போதல்

ஆழமான பானையில் இரண்டு லிட்டர் பீன்ஸ் ஆற மணிக்கணக்காகும், அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகும். அதனால் ஆழம் குறைந்த இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 3, 4 நாள் தாங்கும்.

மறுநாள் கால் கப் வெந்நீர் விட்டுக் கலந்து, மூடி, 170 டிகிரியில் 35, 40 நிமிடம் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி காட்ட வேண்டும். முதல் நாளே செய்கிறீர்கள் என்றால் அந்தக் கடைசி ஸ்பூன் வினிகரை மறுநாளுக்கு வையுங்கள்.

பந்தி நீளும் என்றால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ஸ்லோ குக்கரின் 'வார்ம்' அளவு இதற்குச் சரி. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பீன்ஸை நேராக அதில் போடாதீர்கள், சூடேற வெகுநேரம் பிடிக்கும். முதலில் அடுப்பிலோ ஓவனிலோ சூடாக்கி அப்புறம் மாற்றுங்கள். சூட்டில் வைக்க வழியில்லை என்றால் மேஜையில் இரண்டு மணி நேரம்தான், வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்.

இன்னொரு விஷயம், கூட்டத்தில் சைவர்கள் இருப்பார்கள். பேக்கன் தெளிவாகத் தெரியும், ஆனால் சோயா சாஸுக்குப் பதில் வூஸ்டர்ஷைர் சாஸ் ஊற்றினால் அதில் பெரும்பாலும் நெத்திலி மீன் இருக்கும். கடுகு, சோயா ஒவ்வாமை உள்ளவர்களும் வரலாம். டிரேக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் என்னென்ன போட்டது என்று எழுதி வைத்தால் கேள்விக்கு இடமில்லை.

9. பெரிய கூட்டத்துக்கு

ஒரு கிலோ பீன்ஸ் என்றால் இரண்டு டிரே. ஒரே ஆழமான டிரேயில் திணித்தால் நடுப்பகுதி சூடேறவே ஒரு மணி நேரம் போகும், மேலே வற்றாது. எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்குங்கள், வேகவைக்கும் பானையும் பெரிதாக இருக்கட்டும். ஓவனில் இரண்டு டிரே இருப்பதால் 15, 20 நிமிடம் கூடுதலாக ஆகும். ஃபாயிலை எடுக்கும்போது மேல்தட்டு டிரேயைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றி வையுங்கள்.

10. சொதப்பினால் சரிசெய்வது

தண்ணீராக இருந்தால் ஒரு கரண்டி பீன்ஸை எடுத்து மசித்துத் திரும்பக் கலந்து, திறந்தபடி இன்னும் 15 நிமிடம். சோள மாவு வேண்டாம், வழவழப்பாகும். இறுகிப்போனால் வெந்நீர் அல்லது மீதமுள்ள பீன்ஸ் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.

இனிப்பு ஏறிவிட்டால் தண்ணீர் ஊற்றுவது வீண். அரை ஸ்பூன் மஸ்டர்ட், ஒரு ஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை உப்பு என்று மாறிமாறிச் சேர்த்துச் சுவைத்துக்கொண்டே போங்கள். உப்பு ஏறினால் உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் அல்லது அலசிய டின் பீன்ஸ் ஒன்றைக் கலப்பதுதான் வழி.

ஓரம் கருகியிருந்தால் சுரண்டிக் கலக்காதீர்கள். நடுப்பகுதியை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், கருகல் வாடை அதோடு நின்றுவிடும்.

சாஸ் ஊற்றிய பிறகுதான் பீன்ஸ் வேகவில்லை என்று தெரிந்தால்? சாஸை முடிந்த அளவு வடித்துத் தனியே வையுங்கள். பீன்ஸை வெந்நீரில் அலசி, புதுத் தண்ணீரும் கால் டீஸ்பூன் சோடாவும் போட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஆனாலும் வேகும். பந்திக்கு அவ்வளவு நேரம் இல்லையென்றால் டின் பீன்ஸைத் திறந்து அதே சாஸில் போடுங்கள், வேகாததை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.